பூட்டாங்கயிறு: வன்னிச் சவாரிப் பொடியன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

2024 ஐப்பசி. முதல் மழைக்கு வயல் விதைத்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் என் உளவளத்துணை அறைக்கு வந்தார். மகனுக்கு அப்போது 23 வயது. வெளியே வாங்கில் அவனை இருத்திவிட்டுத் தாய் சொன்னது இதுதான்: "சாப்பிடுறான், நித்திரை கொள்ளுறான், கூலி வேலைக்கும் போறான் சேர். மாட்டுப் பக்கம் மட்டும் போறானில்லை. மாடு எண்டு சொன்னாலே முகத்தைத் திருப்புறான்."

பொதுவாக இங்கே பிள்ளைகளைக் கூட்டிவருவது குடிக்காக, போதைக்காக, படிப்பை விட்டதற்காக, உயிரை மாய்க்கப் பார்த்ததற்காக. மாட்டுப் பக்கம் போகவில்லை என்று ஒருவரும் வந்ததில்லை. வேறொரு உத்தியோகத்தராக இருந்தால் இது ஒரு முறைப்பாடே இல்லை என்று அனுப்பியிருப்பார். நான் அனுப்பவில்லை. என் அப்பா வட்டக்கச்சியில் சவாரி மாடு வளர்த்தவர். 2009 தை மாதம் தருமபுரம், விசுவமடு என்று நாங்கள் வெளிக்கிட்டபோது அவர் கடைசியாகச் செய்தது அந்தச் சோடியின் கயிற்றை அறுத்துவிட்டதுதான். வன்னியில் அந்த மாதங்களில் கயிறு அறுத்து விடப்பட்ட மாடுகளுக்குக் கணக்கில்லை. ஆகவே மாட்டைப் பார்த்து ஒருவன் முகம் திருப்பினால் அதில் ஒரு கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதே அனுபவம்தான் பிறகு என்னைப் பிழையான வழியிலும் கொண்டுபோனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொடியனின் ஊரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சம்மதம் தந்தான்.

பின்னணி

மாட்டுவண்டில் சவாரியைப் பார்க்காதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். நீளமான மண் திடல், இரு பக்கமும் சனம். மெலிந்த வண்டில், அதில் ஒரு சோடி நாம்பன்கள், அதாவது இளங்காளைகள். மாட்டை நுகத்தடியோடு பிணைக்கிற கயிறுதான் பூட்டாங்கயிறு. இரண்டு வண்டில்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். சோடிகளைத் தரம் பிரித்துத்தான் ஓடவிடுவது. ஏ பிரிவு என்றால் அதுதான் அன்றைய நாளின் உச்சம். ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்க முதல் ஓட்டம் முடிந்துவிடும். அதற்காக ஒருவர் வருசம் முழுக்க உழுந்தும் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து, நீச்சலடிக்கவிட்டு, விடியப்புறம் எழும்பி நடத்தி மாடு வளர்ப்பார். ஓட்டுகிற சாரதி பெரும்பாலும் வேறு ஆள். மாடு முதலாளியுடையது, கை சாரதியுடையது.

இவன் ஓட்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கேட்டபோது நான் சிறிது நேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். 2009இல் இவனுக்கு எட்டு வயது. தகப்பனை அந்த வருசத்துக்குப் பிறகு காணவில்லை. தாய் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் போய் இருந்தவர். இப்போதும் இடைக்கிடை போகிறவர். இவனுக்குப் 17 வயதாக இருந்தபோது ஒரு சித்திரைச் சவாரியில் ஓட்ட ஆள் இல்லாமல் டி பிரிவுச் சோடி ஒன்றை இவனிடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் இவன் பெயரைச் சொல்லும்போது வழக்கம்போலத் தகப்பன் பெயரையும் சேர்த்து, "இன்னாரின் மகன்" என்றார்.

"அப்பாண்ட பேர் அவ்வளவு சத்தமா ஒரு நாளும் கேட்டதில்லை சேர். லிஸ்டில வாசிப்பினம், மெதுவா. இது திடல் முழுக்கக் கேட்டது."

அன்று வென்றான். பரிசாகக் கிடைத்தது ஒரு அண்டாவும் கொஞ்சக் காசும். பரிசு கிடைக்கும் என்பதே தனக்குத் தெரியாது என்றான்.

புகழ் ஆசை என்று நாங்கள் ஒரு சொல்லில் போட்டு மூடுகிற பெட்டிக்குள் இப்படியும் ஒன்று இருக்கிறது. வன்னியில் ஒரு பெயர் ஒலிபெருக்கியில் கேட்பதற்குள்ள பெறுமதி வேறு இடத்தில் இருப்பவர்களுக்கு உடனே பிடிபடாது. பெயர்கள் பட்டியல்களில் மட்டும் மிஞ்சிய மண் இது.

ஏற்றம்

அடுத்த ஐந்து வருசங்களைச் சுருக்கிச் சொல்லலாம். நல்ல கை என்று பெயர் வந்தது. வசதியான ஒரு முதலாளி தன் ஏ பிரிவுச் சோடியை இவனிடம் கொடுத்தார். முதலாளியின் உறவினர்கள் வெளிநாட்டில். பரிசுக்கு மோட்டார் சைக்கிளும் தங்கப் பவுணும் வைத்த போட்டிகள். முகநூல் நேரலை, டிக்டொக். சுவிஸில் விடிய முதல் எழும்பி இருந்து பார்க்கிறவர்கள் இவன் பெயரை எழுதி நெருப்புப் படம் போட்டார்கள். முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கினால்கூட யாராவது வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் காலத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. முதலாவது, விடியப்புறப் பழக்கத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். அங்கே கமரா இல்லை. இரண்டாவது, மாட்டை விரட்டுகிற தடியான துவரங்கேட்டியின் நுனியில் ஆணி வைத்தான். ஆணி வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு போட்டியிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். விலங்குகளை வதைப்பதற்கு எதிரான கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907இலிருந்து இருக்கிறது. இருந்தும் சோடி ஓடி முடித்து நிற்கும்போது பின்தொடையில் இரத்தம் வடிவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பேசாமலும் இருந்திருக்கிறோம். என் அப்பாவும் இருந்தார். இது எனக்கு நெடுநாள் மனவருத்தம்.

இதைச் சொல்லும்போது பொடியன் தலை குனிந்திருந்தான். "முதல் மூண்டு வருசம் கை மட்டும்தான் சேர். தட்டினாலே போகும். பிறகு தோற்கேலாது எண்டு வந்திட்டுது."

நிகழ்வு

2024 ஆவணியில் ஒரு இறுதி ஓட்டம். இவனுடைய சோடி அரைத் திடல் வரை முன்னுக்கு நின்றது. திடீரென்று இவன் நாணயக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து வண்டிலை நிறுத்திவிட்டான். மற்ற வண்டில் கடந்து போனது. சனம் ஒரு கணம் அமைதியாகி, பிறகு கூ அடித்தது.

ஏன் நிறுத்தினான்? இடப்பக்க மாட்டின் முன்கால் மண்ணில் விழும்போது சரியாக விழவில்லை என்பதைக் கயிறு வழியே உணர்ந்ததாகச் சொன்னான். கண்ணால் காண முதல் கைக்குத் தெரிந்ததாம். மூன்று நாள் கழித்து மிருக வைத்தியர் வந்து பார்த்து, குளம்பிடுக்கில் புதைந்திருந்த உடைமுள்ளை எடுத்துச் சீழையும் வெளியேற்றினார். அந்தக் காலோடு இன்னும் அரைத் திடல் ஆணியால் குத்தி ஓட்டியிருந்தால் மாடு விழுந்திருக்கலாம். மாடு விழுந்தால் நுகத்தடியோடு சோடியும் விழும், வண்டில் புரளும், சாரதி சனத்துக்குள் எறியப்படுவான்.

அதாவது அவன் செய்தது சரி. என் பதிவேட்டில் முதல் நாளே அப்படித்தான் எழுதினேன். என் பிழையும் அங்கேதான் தொடங்கியது.

முதல் மூன்று சந்திப்புகள்

நான் இதைத் தோல்வியின் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். சனத்தின் கூச்சல், கீழே எழுதப்பட்ட கேலிகள், கைநழுவிய மோட்டார் சைக்கிள். இவற்றால் மனம் ஒடிந்துவிட்டான், நீ செய்தது சரி என்று நாலு தரம் சொன்னால் எழும்பிவிடுவான் என்று நினைத்தேன். மூன்று சந்திப்பு முழுக்க அதையே சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். ஒரு மாற்றமும் இல்லை. சரி என்று நான் சொல்லச் சொல்ல அவன் இன்னும் சுருங்கிக்கொண்டு போனான். சவாரிக்காரரின் மகன் என்பதால் இந்தப் பொடியனை எனக்கு முன்கூட்டியே தெரியும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் நான் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பரிசு ஊக்கத்தைத் தின்றுவிட்டதோ என்றும் யோசித்தேன். இந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற ஒரு பரிசோதனை உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலையில், படம் கீற விரும்புகிற பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு ஒன்றுமில்லை. பிறகு பிள்ளைகளைத் தங்கள் பாட்டில் விட்டபோது, பரிசுக்கென்று கீறிய பிள்ளைகள் மற்றவர்கள் கீறியதில் ஏறக்குறைய பாதி நேரமே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

பொடியனின் அண்டாவும் மோட்டார் சைக்கிளும் இதற்குள் அப்படியே பொருந்தின. அண்டா எதிர்பாராதது, மோட்டார் சைக்கிள் எதிர்பார்த்தது. விடியப்புறப் பழக்கம் குறைந்ததையும் இது விளக்கியது. ஆனால் ஒன்றை விளக்கவில்லை: ஊக்கம் குறைந்தவன் சலித்துப்போய் விடுவான், மாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்ப மாட்டான். முகத்தைத் திருப்புகிறவன் யாரையோ பார்க்கக் கூசுகிறான்.

திருப்பம்

நாலாவது சந்திப்பில் அந்த ஓட்டத்தின் காணொளியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கைபேசியில் வைத்திருந்தான். பலமுறை பார்த்ததாகச் சொன்னான். வண்டில் நின்ற இடத்தில் அவன் நிறுத்துவான் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. கூச்சல் வந்த இடத்திலும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு முதலாளி கமராவுக்கு முன்னால் வந்து கதைக்கிற துண்டு வந்தது. முதலாளி பொடியனின் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்கிறார்: "பூட்டாங்கயிறு கழண்டு போச்சு. இல்லாட்டி எங்கட சோடியை ஆரும் பிடிக்கேலாது. என்ன தம்பி?" பொடியன் கமராவைப் பார்த்து, "ஓம்" என்று தலையாட்டுகிறான்.

அந்தத் தலையாட்டலில் விரலை வைத்து நிறுத்தினான்.

"கயிறு கழரேல்லை சேர். நானே பூட்டினனான். நான் பூட்டின கயிறு ஒருநாளும் கழண்டதில்லை."

ஆறு வருசத்தில் அவன் என்னிடம் பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரே தொழில் சாதனை அதுதான். வென்ற பவுணைப் பற்றி அவன் பெருமை பேசியதே இல்லை. முதலாளி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. சோடியின் பெயரையும் பொடியனின் பெயரையும் ஒரே மூச்சில் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பொய் இரண்டு விடயத்தை அழித்துவிட்டது: அவன் கையின் வேலையையும், அவன் வாழ்க்கையில் செய்த மிகத் துணிவான தீர்மானத்தையும். இதெல்லாம் எந்தப் பெயரில் நடந்தது? ஓட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் "இன்னாரின் மகன்" என்று சொல்லப்பட்ட அந்தப் பெயரில். நீ செய்தது சரி என்று நான் சொல்லச் சொல்ல அவன் ஏன் சுருங்கினான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரியானதைச் செய்துவிட்டு அதை மறுத்தவனுக்கு நான் செய்த பாராட்டு ஒவ்வொன்றும் ஒரு குத்து.

லௌடாவின் கதை

எனக்கு நன்றாகத் தெரிந்த கார்ப் பந்தயக் கதை ஒன்றை அன்று அவனுக்குச் சொன்னேன். நிக்கி லௌடா, ஒஸ்திரியாக்காரர். 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் திடலில் அவருடைய பெராரி கார் மோதித் தீப்பிடித்தது. முகமும் தலையும் வெந்து, நச்சுப் புகை நுரையீரலுக்குள் போய், பாதிரியார் வந்து இறுதி ஆசீர்வாதம் கொடுக்கிற நிலைமை. 42 நாளில், செப்டெம்பர் 12ஆம் திகதி, இத்தாலியில் மொன்சாவில் மறுபடி ஓடி நாலாவதாக வந்தார். காயம் ஆறவில்லை.

அந்த வருசத்தின் கடைசிப் பந்தயம் ஒக்டோபர் 24ஆம் திகதி ஜப்பானில், பூஜி மலையடியில். லௌடாவுக்கு 68 புள்ளி, ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஹண்டுக்கு 65. அன்று கொட்டும் மழை, ஒன்றும் தெரியாத பனிப்புகார். லௌடா இரண்டு சுற்று ஓடிவிட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். உயிர் பெரிது என்றார். ஹண்ட் மூன்றாவதாக வந்து 69 புள்ளியோடு உலகச் சம்பியன் ஆனார். ஒரே ஒரு புள்ளி.

பொடியன் இதுவரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்ததைச் சொன்னதும் நிமிர்ந்தான். லௌடா இறங்கியதும் பெராரியின் பொறியியலாளர் மௌரோ போர்கியேரி அவரிடம் போய், எஞ்சினில் பிழை என்று சொல்லிவிடுவோம் என்று கேட்டிருக்கிறார். லௌடா மறுத்துவிட்டார். நான்தான் நிறுத்தினேன் என்றே சொன்னார்.

"அவருக்கும் பூட்டாங்கயிறு குடுத்தவையோ?" என்றான்.

நான் வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. லௌடாவின் மற்ற விடயங்களை அவனே கேட்டுக் கேட்டு எடுத்தான். இத்தாலியில் அவரைக் கோழை என்று எழுதியதை, 1977இல் மறுபடி சம்பியன் ஆனதை, 1984இல் அலன் புரொஸ்டை அரைப் புள்ளியால் வென்றதை. வென்ற கிண்ணங்களை ஊர்க் கராஜ் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தன் காரை இலவசமாகக் கழுவித்தரக் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அதற்குச் சிரித்தான். என் அறையில் அவன் சிரித்தது அதுதான் முதல் தரம்.

2025 தையில் அவன் தானாகவே ஒரு கதை கொண்டுவந்தான். துபாயில் 24 மணி நேரப் பந்தயம். நடிகர் அஜித் குமாரின் குழு ஓடியது. பயிற்சியில் அவர் கார் மோதிச் சேதமானது. பிறகு தன் சொந்தக் குழுவின் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகி, அதை அறிவித்துவிட்டு, வேறொரு குழுவின் காரில் வேறு பிரிவில் ஓடினார். அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. வன்னிப் பொடியள் எல்லோரும் இந்தியக் கொடியோடு அவர் துள்ளியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவன் கவனித்தது வேறு.

"ஓடேல்லை எண்டதுக்கும் சனம் கைதட்டினது சேர். ஏனெண்டால் அவர் சொல்லிப்போட்டுத்தான் விட்டவர்."

ரசிகர் மன்றங்களை 2011இலேயே கலைத்தவர், பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டவர் என்பதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. புகழை வேண்டாம் என்று சொல்லப் புகழ் இருக்க வேண்டும் என்று நான் ஒரு மறுப்புச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "எனக்கு வேண்டாம் எண்டில்லை சேர். அப்பாண்ட பேர் கேக்க வேணும். ஆனால் பொய்க்குப் பின்னால கேக்கக் கூடாது" என்றான். இந்த நிகழ்வில் இதைவிடத் தெளிவான ஒரு வாக்கியத்தை நான் எழுத முடியாது.

பிறகு

முதலில் தாயிடம் சொன்னான். தாய், "உது எனக்கு அண்டைக்கே தெரியும், உன்ர கட்டு கழராது" என்றாராம். அடுத்து முதலாளியிடம் போனான். நான் கூடப் போகவில்லை; போக வேண்டாம் என்றான். முதலாளிக்குக் கோபம். வெளிநாட்டு உறவினர்களுக்கு முன்னால் தன்னைப் பொய்யன் ஆக்குகிறான் என்ற மனத்தாங்கல். சோடி வேறு சாரதியின் கைக்குப் போனது. இதுவரைக்கும் முதலாளி இவனோடு கதைப்பதில்லை. அது அவனுக்கு வலிக்கிறது, ஐந்து வருசம் அந்த வீட்டில் சாப்பிட்டவன்.

இரணைமடு வாய்க்கால் பக்கம் ஒரு வயதான சவாரிக்காரரிடம் சி பிரிவுச் சோடி ஒன்று நின்றது. கண் மங்கியதால் அவர் ஓட்டுவதில்லை. மாசி மாதம், காலபோக வெட்டு முடிகிற நேரம், பொடியன் அங்கே போய் நின்றிருக்கிறான். பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "கேட்டியில ஆணி இருக்கோ?" நுனியைக் காட்டியிருக்கிறான். ஆணி இருந்த துளை மட்டும் இருந்தது. அந்தக் கேட்டியையும் வாங்கி அடுப்புக்குள் வைத்துவிட்டு, பெரியவர் வேறு தடி வெட்டிக் கொடுத்தார்.

2025 சித்திரைச் சவாரிக்கு நானும் போனேன். பல வருசத்துக்குப் பிறகு போனது. சி பிரிவுக்கு வழக்கமாகச் சனம் குறைவு. இவன் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் கூடியது. அறிவிப்பாளர் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டு, பகிடியாக, "தம்பி, இந்தமுறை பூட்டாங்கயிறு இறுக்கமோ?" என்று ஒலிவாங்கியை நீட்டினார். பொடியன் அதை வாங்கினான்.

"போன முறையும் கயிறு கழரேல்லை. மாட்டுக்குக் கால் ஏலாமல் போனது. நான்தான் இழுத்துப் பிடிச்சனான்."

திடல் என்ன செய்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று பேர் விசிலடித்தார்கள். ஒருவர் தூசணத்தில் ஏதோ சொன்னார். ஐஸ்கிறீம் வானின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. வண்டிலை விட்டார்கள். இவனுடைய சோடி தோற்றது, ஒரு வண்டில் நீளத்துக்கு மேல்.

நான் திடலின் அந்தலைக்குப் போனபோது அவன் ஏற்கெனவே இறங்கி, இடப்பக்க மாட்டின் முன்காலை மடித்துத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, குளம்பிடுக்கை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். பூட்டாங்கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. பெரியவர் குனிந்து அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, அவிழ்க்கத் தன் மங்கிய கண்ணால் ஏலாமல், "நீயே வந்து கழட்டு மோனை" என்றார்.